எழுபது கிலோ ஆணுக்காக ஒரு ஏசி

ஏசியின் வெப்ப அளவை 20 முதல் 28 டிகிரிக்குள் பூட்டிவிடப் போவதாக மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால் 2025-இல் அறிவித்ததும், விவாதம் முழுக்க கரன்ட் பில்லைச் சுற்றியே ஓடியது. ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீத மின்சாரம் மிச்சமாம். இருக்கட்டும். யாருடைய உடம்புக்கு 20, யாருடைய உடம்புக்கு 28 என்று ஒருவரும் கேட்கவில்லை.

சூட்டு உடம்பு, குளிர்ச்சி உடம்பு என்று பாட்டிகள் பிரித்ததைச் சிரித்து ஒதுக்கிய நாம், பதிலுக்கு எதை நம்பினோம் தெரியுமா? மனிதருக்கு எந்த வெப்பம் ஒத்துவரும் என்று கணக்கிட டென்மார்க்கின் ஓலே ஃபாங்கர் 1970-இல் வெளியிட்ட சூத்திரத்தை. உலகத்து அலுவலகங்களின் குளிர் பெரும்பாலும் அதன்படிதான். அதில் போடும் உடல் வெப்பக் கணக்கோ 70 கிலோ எடையுள்ள, நாற்பது வயது ஆணுடையது. பெண்ணுடல் வெளியிடும் வெப்பத்தை அந்தக் கணக்கு 35 சதவீதம் வரை கூட்டிக் காட்டுகிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் 2015-இல் எழுதினார்கள். 'வெறும் 16 பெண்களை வைத்து ஒரு முடிவா?' என்று கேட்கும் மேதாவிகள் இருக்கிறார்கள். ஒரு கற்பனை ஆணை வைத்துக் கட்டடம் கட்டடமாகக் குளிரூட்டியபோது இவர்கள் எங்கே போயிருந்தார்கள்? இத்தனைக்கும், எந்த அளவில் வைத்தாலும் நூற்றுக்கு ஐந்து பேருக்காவது ஒத்துக்கொள்ளாது என்று ஃபாங்கரின் சூத்திரமே சொல்கிறது.

நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4. இரும்புச்சத்துக் குறைந்த உடம்பு குளிரில் தன் சூட்டைக் காத்துக்கொள்ளத் திணறும். தைராய்டு குறைவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஐம்பத்தேழு சதவீதம்! மே மாதச் சென்னையில், வெளியே அனல் பறக்க, உள்ளே துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக்கொண்டு தட்டச்சு செய்யும் பெண்ணை இனியாவது 'அலட்டல்' என்று சொல்லாதீர்கள். 'ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாமே' என்பது யோசனையே அல்ல, திமிர். (ஏசியை உச்சத்தில் வைத்துவிட்டுக் கம்பளியும் கொடுக்கும் ஆம்னி பஸ்காரர் எவ்வளவோ மேல்.)

மறுபக்கமும் உண்டு. வயதானவர்களுக்கு வியர்ப்பது குறைவு, தாகமும் சட்டென்று தெரியாது; அவர்களைப் புழுக்கத்தில் வைப்பதும் கொடுமைதான். ஆகவே எண்ணை மாற்றிப் பயனில்லை. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் சென்னை உட்பட ஐந்து நகர அலுவலகங்களில் ஆராய்ந்து, ஃபாங்கரின் சூத்திரம் எதிர்பார்ப்பதைவிடக் கூடுதல் வெப்பத்திலும் நம்மவர்கள் சௌகரியமாகவே இருக்கிறார்கள் என்று 2014-லேயே காட்டிவிட்டது. பிறகு எதற்கு இந்த ராட்சதக் குளிர்பெட்டிகள்? அலுவலகங்களில் மைய ஏசியைத் தடை செய்யுங்கள். திறக்கிற ஜன்னல், மேஜைக்கு ஒரு மின்விசிறி, அதன் சுவிட்ச் அவரவர் கையில். அமைச்சர் பூட்ட நினைப்பது ரிமோட்டை என்றால், முதலில் மேலாளர் அறையில் இருக்கும் ரிமோட்டைப் பூட்டட்டும்.