ஓட்டம் ஆறாம் ஆண்டோடு முடிவதா?

  

“சுவரை வைத்தே சித்திரம் எழுத வேண்டும்” என்னும் முதுமொழியைத் தம் கட்டுரையில் எழுதாத மாணவர் நம் பள்ளிகளில் இலர். எழுதி மதிப்பெண்ணும் பெற்றுவிடுகின்றனர். ஆயின் அச்சுவர் பத்து வயதில் ஒருவாறும், நாற்பதில் வேறொருவாறும், எழுபதில் மற்றொருவாறும் இருக்கும். அதனைக் காக்கும் முறையும், காக்க வேண்டும் என்று நம்மைத் தூண்டும் காரணமும் வயதுக்கேற்ப மாறும். இதனை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணாததனாலேயே பலர் பன்னிரண்டு வயதோடு ஓட்டத்தை நிறுத்திவிடுகின்றனர்.

ஏழு வயதுக் குழந்தை ஓடுவதற்குக் காரணம் தேடுவதில்லை. மணி அடித்தால் சிற்றுண்டிச்சாலைக்கு ஓடும். மீண்டும் மணி அடித்தால் வகுப்பறைக்கு ஓடும். நடந்து செல் என்று நாம் கடிந்துகொண்டாலும் ஓடும். பத்து வயதை எட்டியதும் காரணம் ஒன்று வந்து சேர்கின்றது. இல்ல விளையாட்டுப் போட்டியில் வெல்ல வேண்டும், மேடை ஏற வேண்டும், அம்மா கைதட்ட வேண்டும். இது நல்ல காரணமே. எனினும் ஓர் ஓட்டத்தில் எண்மர் ஓடினால் ஐவர் வெறுங்கையுடன்தான் திரும்புவர். அவ்வைவருள் ஒருவன், “எனக்கு ஓட வராது” என்று பதினொரு வயதிலேயே முடிவு செய்துவிடுகின்றான். அம்முடிவை அவன் ஐம்பது வயது வரையில் சுமந்து செல்கின்றான்.

விளையாட்டு நாளுக்கு மூன்று வாரங்களுக்கு முன்பு வேகமாக ஓடும் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுத்துப் பயிற்சி அளிப்பதும், மற்றவர்களைக் கூடாரத்தின் கீழ் அமர்த்திக் கைதட்ட வைப்பதும் பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. மாவட்ட அளவில் கிண்ணம் வேண்டுமன்றோ என்பர். கிண்ணம் வேண்டும்தான். ஆயின் பள்ளித் திடல் அந்த மூவரைக் காட்டிலும் இந்த ஐவருக்கே மிகுதியும் உரியது என்பது நமது உறுதியான கருத்து. வெல்பவனுக்கு ஊரே துணை நிற்கும். கடைசியில் வருபவனுக்குப் பள்ளியை விட்டால் வேறு யார் உளர்?

இவ்வைவருக்கு நாம் கொடுக்கக்கூடிய காரணம் வேறொன்று உண்டு. நேற்றைய தன்னைத் தானே வெல்வதே அது. நான்காம் ஆண்டு முதல் நம் மாணவர்கள் செய்யும் செகாக் உடற்றகுதிச் சோதனை இதற்கென்றே அமைந்தாற்போல் உள்ளது. மூன்று நிமிடம் பலகைமேல் ஏறி இறங்கியபின் நாடித்துடிப்பை எண்ணுகின்றோம். ஆண்டின் முற்பகுதியில் எடுத்த எண்ணிக்கையைப் பிற்பகுதியில் எடுத்ததுடன் ஒப்பிட்டால், எந்தப் பதக்கமும் பெறாத பிள்ளையும் தன் இதயம் வலுப்பெற்றதைத் தானே காண்பான். பாரத்தை நிரப்பி அனுப்பும் வேலையாக மட்டும் இதனைக் கருதுவோர் ஒரு நல்ல கருவியைத் துருப்பிடிக்க விடுகின்றனர்.

பெருவீரர்களுக்கும் காரணம் மாறத்தான் செய்தது. பேராக் மாநிலத்தில் பிறந்த நம் எம். ஜெகதீசன் 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் ஓடியபோது வயது பதினாறு. 1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். மருத்துவக் கல்வியையும் விடவில்லை. ஆசியாவில் வெல்ல வேண்டியவற்றை வென்றபின் அவர் ஓய்ந்திருக்கலாம். அவ்வாறின்றி 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக் அரையிறுதியில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அவ்வோட்டத்தில் அவருக்குப் பதக்கம் ஏதும் இல்லை, இறுதிச்சுற்றுக்கும் செல்லவில்லை. ஆயினும் அந்நேரமே 2017 வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், மலேசியச் சாதனையாக நின்றது. பதக்கம் கிட்டாத நாளில்தான் அவர் தம் வாழ்நாளின் மிக விரைவான ஓட்டத்தை ஓடினார் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனிப் பெற்றோரிடம் வருவோம். “காடு மேடு ஏறி இறங்கும் எங்களுக்கு உடற்பயிற்சி எதற்கு, சார்?” என்று பலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. விடியுமுன் எழுந்து, நிரை நிரையாய் நடந்து, மரம் வெட்டி, காண்டாவில் பால் வாளி சுமந்த தலைமுறைக்கு அக்கேள்வி முற்றிலும் பொருந்தும். அவர்தம் கால்களின் வலிமையை இன்று எவரிடமும் காண்பதரிது. ஆயின் அந்த நடை இன்று எங்கே? வீட்டு வாசலிலிருந்து வேலைக்காடு வரையில் மோட்டார் சைக்கிள். செம்பனைக் குலை வெட்டுவோர்க்குக் கழுத்தும் தோளும் இடுப்பும் நோகின்றன. அவ்வேலை உடலின் சில பகுதிகளை மட்டும் அளவின்றி வருத்துகின்றது. தொழிற்சாலைக்கும் காவல் வேலைக்கும் செல்லும் பிள்ளைகளோ எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கின்றனர், அல்லது அமர்ந்திருக்கின்றனர். உழைப்பால் வரும் களைப்பு வேறு, பயிற்சியால் வரும் வலிமை வேறு. கெட்டிப்பால் கலந்த தேநீர் மட்டும் அன்றுபோல் இன்றும் குறையவில்லை!

இதன் விளைவைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இனிப்புநீர் நோய் இருந்தது. இந்தியரிடையேயோ பதின்மரில் மூவருக்கு. விரல் இழந்தோரையும், பார்வை மங்கியோரையும், இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் மும்முறை செல்வோரையும் அறியாத குடும்பம் நம்மிடையே இல்லை.

நாற்பது வயதில் பலரைத் திடலுக்கு அனுப்புவது மருத்துவமனைச் சீட்டே. அச்சம் நல்ல தொடக்கம்தான். ஆனால் சீட்டில் எண் குறைந்ததும் அச்சம் குறையும். அச்சம் குறைந்ததும் காலணி மூலைக்குச் செல்லும். அதற்குப் பின்னும் ஒருவரை நடக்கச் செய்வது துணையும் வழக்கமுமே. மாலையில் நான்கு பெண்கள் கதை பேசிக்கொண்டு கோயில் வரை நடந்து திரும்பினால், மழை பெய்யாத நாளெல்லாம் அந்நடை தொடர்கின்றது. தனியே தொடங்கியோர் பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். பெரியவர்க்கு வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடலியக்கமும், இரு நாள் தசைப் பயிற்சியும் வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்துரைத்தது. நாளொன்றுக்கு அரைமணி நேரம், வாரம் ஐந்து நாள் விரைந்து நடந்தால் அக்கணக்கு நிரம்பும். நடையும் ஒரு விளையாட்டா என்று நகைப்போர், 1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் நம் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில் நான்கு மணி நேரத்திற்கு மேல் நடந்து தங்கம் வென்றதை நினைவுகூர்க.

காரணம் மாறும்போது பயிற்சியும் மாற வேண்டும். இருபது வயது நினைப்பில் நாற்பத்தைந்து வயதுக்காரர் குடும்ப தினத்தில் கயிறிழுக்கவும் பந்துதைக்கவும் இறங்கி, மறுநாள் நொண்டிக்கொண்டு வேலைக்குச் செல்வதை ஆண்டுதோறும் காண்கின்றோம். சிரிப்பாகவும் இருக்கின்றது, வருத்தமாகவும் இருக்கின்றது. இளமையில் வேகத்தை வளர்க்கலாம். நடுவயதில் மெல்லத் தொடங்கி மூச்சையும் தசையையும் வளர்க்க வேண்டும். முதுமையில் விழாமல் நிற்பதே பெரும்பயிற்சி. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமரும் பாட்டி, தாமே குளியலறைக்குச் செல்லும் உரிமையைக் காத்துக்கொள்கின்றார்.

பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த பௌஜா சிங் என்னும் முதியவர், மகனை இழந்த துயரை ஆற்றிக்கொள்ள எண்பது வயதுக்குமேல் ஓடத் தொடங்கினார். 2000-இல், தம் 89-ஆம் வயதில், இலண்டன் மாரத்தானை ஓடி முடித்தார். 2025-இல் சாலை விபத்தில் மறைந்தார். அவருக்கு ஓட்டம் பதக்கத்திற்கன்று; துயரைத் தாங்குவதற்கு. பத்து வயதுச் சிறுவனுக்கு இக்காரணம் விளங்காது. விளங்கவும் வேண்டாம். அவன் கால்கள் ஓட்டத்தை மறவாதிருந்தாற் போதும்.

ஆகவே பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். மாலையில் பிள்ளைகளைத் திடலில் இறக்கிவிட்டு, மோட்டார் சைக்கிள்மேல் அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிராமல், திடலைச் சுற்றி நடந்து வாருங்கள். இவ்வாண்டு விடைபெறும் ஆறாம் ஆண்டு மாணவர்களே! உங்கள் கடைசிச் சோதனையின் நாடித்துடிப்பு எண்ணிக்கையை ஒரு குறிப்பேட்டில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். இடைநிலைப்பள்ளியில் முதற்படிவச் சோதனை முடிந்ததும் அதன் கீழே புதிய எண்ணிக்கையை எழுதி, ஒருநாள் பள்ளிப் பக்கம் வந்து எங்களிடம் காட்டுங்கள்.