வெண்புள்ளிக் குழந்தைகளும் உறங்கும் சட்டமும்

தில்லியிலிருந்து வடமாநிலங்களுக்குச் செல்லும் ரயிலில் ஜன்னலோரம் அமர்ந்திருப்பவர்களின் கண்ணில் இரண்டு இந்திச் சொற்கள் திரும்பத் திரும்பப் படும். தண்டவாளத்தை ஒட்டிய சுவர்களில் பெரிய எழுத்தில் தீட்டப்பட்டிருக்கும் 'சஃபேத் தாக்' என்பதற்கு வெள்ளைக் கறை என்று பொருள். கூடவே, நிச்சயம் குணமாகும் என்ற வாக்குறுதியும் ஒரு கைப்பேசி எண்ணும்.

நான்கு வயதுக் குழந்தையின் கண்ணிமை ஓரத்தில் வெளிறிய புள்ளி ஒன்றைக் கண்டு கலங்கி நிற்கும் ஏழைத் தாய்க்கு முதலில் கிடைக்கும் மருத்துவ ஆலோசனை பெரும்பாலும் இந்தச் சுவர்தான். அரசு மருத்துவமனை தொலைவில் இருக்கிறது. சுவர் வாசலிலேயே இருக்கிறது.

இத்தகைய விளம்பரம் சட்டப்படி குற்றம் என்பது பலருக்கும் தெரியாது. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள்) சட்டத்தை நாடாளுமன்றம் 1954-ஆம் ஆண்டே நிறைவேற்றியது. எந்தெந்த நோய்களைத் தீர்ப்பதாகக் கூறி மருந்தை விளம்பரம் செய்யக் கூடாது என்று அதன் அட்டவணை 54 நோய்களைப் பட்டியலிட்டது. வெண்புள்ளியும் அவற்றில் ஒன்று. முதல்முறை குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம் என்று அச் சட்டம் வகுத்தது. தண்டனை போதாது என்று கருதிய சுகாதார அமைச்சகம், 2020-இல் இரண்டு ஆண்டு சிறை, 10 லட்சம் ரூபாய் அபராதம் என்று உயர்த்தி வரைவு மசோதாவை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. வரைவு வரைவாகவே நின்றுபோனது.

இதைவிட விசித்திரம் ஒன்றுண்டு. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளின் விளம்பரங்களுக்கு முன் அனுமதி பெற வேண்டும் என்று 2018-இல் கொண்டுவரப்பட்ட 170-ஆவது விதியை, 2024 ஜூலையில் ஆயுஷ் அமைச்சகமே நீக்கியது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் தலையிட்டு அந்த நீக்கத்துக்குத் தடை விதிக்க நேர்ந்தது. பூட்டைப் போட்டவர்களே சாவியைத் தூர எறிந்த கதை இது.

வெண்புள்ளி தொற்றுநோயன்று. தோலுக்கு நிறம் தரும் செல்களை உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே அழித்துவிடுவதால் ஏற்படுவது. உலக அளவில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் காணப்படுகிறது. பாதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு 20 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. தொழுநோய்க்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் இந்தியில் 'ஸ்வேத குஷ்ட்' என்றும் தமிழில் 'வெண்குஷ்டம்' என்றும் வழங்கிய பெயர்கள் செய்த தீங்கு கொஞ்சநஞ்சமல்ல. தொழுநோயை மணமுறிவுக்கும் பிரிந்து வாழ்தலுக்கும் உரிய காரணங்களில் ஒன்றாக வைத்திருந்த ஐந்து சட்டங்களிலிருந்து அதை நாடாளுமன்றம் நீக்கியதே 2019-இல்தான். உண்மையான தொழுநோய்க்கே அத்தனை காலம் பிடித்த நாட்டில், பெயரால் மட்டும் அதனுடன் பிணைக்கப்பட்ட குழந்தையின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா? அதிலும் பெண் குழந்தையாக இருந்துவிட்டால், பள்ளியில் சேர்க்கும் முன்பே அதன் திருமணத்தைப் பற்றி உறவினர்கள் கவலைப்படத் தொடங்கிவிடுகிறார்கள். கருவுற்றிருந்தபோது மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டாயா என்ற விசாரணை தாயிடம் நடக்கிறது.

அடுத்ததாக, அக் குழந்தையின் தட்டிலிருந்து மீன், பால், தயிர், புளிப்பு என ஒவ்வொன்றாக விலக்கப்படுகிறது. இந்தப் பத்தியத்துக்கு மருத்துவ ஆதாரம் இல்லை. வளரும் குழந்தையின் ஊட்டம்தான் குறைகிறது. கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நிறுத்துவதும் உண்டு. ஒளியால் தூண்டப்படும் வேதிப்பொருள் அந்த விதையில் இருப்பது உண்மைதான். நவீன மருத்துவமும் அதைப் பெரியவர்களுக்குப் பயன்படுத்தியிருக்கிறது. ஆனால், அளவறியாமல் பிஞ்சுத் தோலில் பூசினால் கொப்புளமும் தீப்புண்ணுமே மிச்சம்.

உண்மையில் தேவைப்படும் பராமரிப்பு எளிமையானது. ஆனால் பொறுமை வேண்டும். முதலில், அது வெண்புள்ளிதானா என்று அறிய வேண்டும். குழந்தைகளின் கன்னத்தில் தோன்றும் வெளிறிய திட்டுகளில் பல வெறும் தேமல். புறஊதா ஒளி வீசும் சிறிய விளக்கொன்றின் உதவியால் தோல் மருத்துவர் இதைப் பெரும்பாலும் பிரித்தறிந்துவிடுவார். வெண்புள்ளிதான் என்றால் ஸ்டீராய்டு களிம்பைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் பூசலாம். டாக்ரோலிமஸ் களிம்பும் உண்டு. மருந்துக் கடையில் தாமே வாங்கி மாதக்கணக்கில் ஸ்டீராய்டைப் பூசினால் தோல் மெலிந்துவிடும். புள்ளிகள் பரவினால், சற்று வளர்ந்த குழந்தைகளுக்கு வாரத்தில் இரண்டு, மூன்று முறை புறஊதா ஒளிச் சிகிச்சை அளிக்கிறார்கள். காயம்பட்ட இடத்தில் புதிய புள்ளி தோன்றக்கூடும் என்பதால், இறுக்கமான உடையும் தோலை அழுத்தித் தேய்ப்பதும் கூடாது. நிறமிழந்த தோலுக்கு வெயிலிலிருந்து பாதுகாப்பு அவசியம்.

இதில் காலம்தான் முக்கியம். புதிய புள்ளியில் நிறம் திரும்பும் வாய்ப்பு அதிகம். முகத்தில் உள்ளவை விரல் நுனியில் உள்ளவற்றைவிட நன்றாகவே பலன் தரும். புள்ளியின் மேலுள்ள ரோமமும் வெளுத்துவிட்ட பிறகு சிகிச்சை கடினமாகிறது. சுவரில் எழுதியிருந்தவரிடம் கழிந்த இரண்டு ஆண்டுகளில் பணத்தோடு இந்த வாய்ப்பும் பறிபோகிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் பட்டியலில் உள்ள 21 வகைகளுடன் வெண்புள்ளியையும் சேர்க்கலாமே என்று கேட்கத் தோன்றலாம். அது சரியான வழியாகத் தெரியவில்லை. ஓடவும் படிக்கவும் எந்தத் தடையும் இல்லாத குழந்தைக்கு எதற்கு அந்த முத்திரை? தடை பார்ப்பவர்களின் கண்ணில் இருக்கிறது. அந்தக் கண் அரசுக்கும் இருக்கிறது என்பதுதான் வேதனை. மூடிய பகுதிகளில் சிறிதளவு இருந்தால் ஏற்கலாம், வெளியே தெரியும் பகுதியில் சிறிதளவு இருந்தாலும் ஏற்கக் கூடாது என்ற விதி முப்படைத் தேர்வு அறிவிக்கைகளில் இடம்பெற்று வந்திருக்கிறது. உடல் திறனைச் சோதிக்கும் அளவுகோலா இது? இத்தனைக்கும், பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் உத்தரகண்ட் ஆய்வுக்கூடம்தான் வெண்புள்ளிக்கு மூலிகை மருந்தொன்றை உருவாக்கித் தனியார் நிறுவனத்துக்கு உரிமம் வழங்கியது.

பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளைப் பரிசோதிக்க மத்திய அரசு 2013-இல் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தைத் தொடங்கியது. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு நேரில் செல்லும் அருமையான ஏற்பாடு அது. அப்போது வகுக்கப்பட்ட 30 குறைபாடுகளில், தோல் நோய் என்ற தலைப்பில் சிரங்கு, பூஞ்சைத் தொற்று, எக்ஸிமா ஆகியவை இடம்பெற்றன, வெண்புள்ளி இல்லை. குழந்தையின் வாய் திறந்து பல் சொத்தையைக் குறித்துக்கொள்ளும் குழு, இமையோரத்துப் புள்ளியையும் குறித்து மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பலாம். இதைப் பட்டியலில் சேர்க்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை. அமைச்சகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும்.