எந்தப் பள்ளி முதல் பள்ளி?



ஆண்டுதோறும் பரீட்சை முடிவு வந்ததும் எந்த மாவட்டம் முதலிடம், எந்தப் பள்ளி நூற்றுக்கு நூறு என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போடுகின்றன. தனியார் பள்ளி முதலாளிமார் பிள்ளைகளின் படத்தைத் தட்டியில் ஒட்டி பஸ் நிலையத்தில் கட்டுகிறார்கள். அதைப் பார்க்கிற கூலிக்காரத் தகப்பன், 'நம்ம ஊர் சர்க்கார் பள்ளி மட்டம்' என்று முடிவு கட்டி, மனைவியின் தோட்டை அடகு வைத்துக் கட்டணம் கட்டப் போகிறான். இந்த ஒப்பீடு நியாயமானதுதானா?

முதலில் நமது மாவட்டத்தையே பார்ப்போம். உத்தியோகஸ்தரைத் தண்டிக்க வேண்டுமென்றால் 'தண்ணியில்லாக் காடு' என்று இராமநாதபுரத்துக்கு மாற்றுவது பழைய வழக்கம். 2018இல் நிதி ஆயோக் நாடெங்கும் பின்தங்கிய மாவட்டங்களைப் பட்டியல் போட்டபோது, தமிழ்நாட்டில் இடம்பெற்றவை இரண்டு: இராமநாதபுரமும் விருதுநகரும். அந்த இராமநாதபுரம்தான் 2024இல் பத்தாம் வகுப்பில் 96.36 சதவீதத் தேர்ச்சி பெற்று மாநிலத்தில் மூன்றாவதாக நின்றது. அரியலூரும் சிவகங்கையும் மட்டுமே நமக்கு முன்னால். மாநிலச் சராசரி 91.55. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மூளை மட்டு என்று பேசுகிறவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

ஆனால் இதைக் காட்டி 'எல்லாக் குறையும் தீர்ந்தது' என்று ஆட்சியாளர் சொன்னால் அதையும் நாம் ஒப்ப முடியாது. சதவீதக் கணக்கில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன.

ஒன்று: பரீட்சை எழுதியவர்களை மட்டுமே அது எண்ணுகிறது. ஒன்பதாம் வகுப்போடு படகேறிய மீனவச் சிறுவன் அந்தக் கணக்கில் இல்லை. கடலாடி, கமுதி, முதுகுளத்தூர் பக்கம் சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் பெற்றோரோடு ஊர் ஊராய்ப் போன சிறுமியும் அதில் இல்லை. தென் மாவட்டப் பெண்பிள்ளைகளை விடுதியில் அடைத்து, மூன்று வருஷ முடிவில் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று ஆசை காட்டி நூற்பாலைகள் நடத்திய 'சுமங்கலித் திட்டம்' ஆலைத் தோழர்களுக்குத் தெரியாததல்ல. அந்தப் பெண்கள் எந்தப் பள்ளியின் சதவீதத்தைக் குறைத்தார்கள்? பாதியில் நின்றவர் எத்தனை பேரானாலும் பலகையில் நூற்றுக்கு நூறு என்று எழுதிவிடலாம்.

இரண்டு: சிறு பள்ளியும் பெரும் பள்ளியும் ஒரே தராசில் நிற்பதில்லை. ஒரு கிராமப் பள்ளியில் இருபது பேர் எழுதி ஒருவன் தவறினால் 95 சதவீதம். ஒருவன் காய்ச்சலில் படுத்தாலே பள்ளிக்கூடத்தின் மானம் போகிறது. அடுத்த வருஷம் அத்தனை பேரும் தேறினால் அதே பள்ளி முதல் பள்ளி! வாத்தியார் மாறவில்லை, கட்டடம் மாறவில்லை. ஒரு வருஷத்து எண்ணைக் கொண்டு பள்ளியை எடை போடுவது, ஒரு மழையைப் பார்த்துக் கண்மாயை அளப்பது போன்றது.

மூன்று: யார் எந்தச் சுமையோடு ஓடுகிறார்கள் என்பதை அது மறைக்கிறது. 2024இல் தனியார் பள்ளிகளின் தேர்ச்சி 97.43, அரசுப் பள்ளிகளின் தேர்ச்சி 87.90. வித்தியாசம் ஒன்பதரை. தனியார் பள்ளி கட்டணம் கட்ட முடிந்தவனைச் சேர்த்துக்கொள்கிறது. சர்க்கார் பள்ளி வந்தவர் அத்தனை பேரையும் சேர்த்துக்கொள்கிறது. பங்குனி வெயிலில் வாலிநோக்கம் பாத்தியில் உப்பு வாரும் காலமும் பரீட்சைக் காலமும் ஒன்று. அப்பன் இலங்கைச் சிறையில் இருக்க, இராமேசுவரம் பிள்ளை எந்த மனத்தோடு கணக்குப் போடும்?

ஆகவே குறை பிள்ளையிடம் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. இதற்கு ஒரு சாட்சி உண்டு. 'நீட்' வந்த பிறகு மருத்துவக் கல்லூரிக்குப் போன அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம். 2020இல் அவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு சட்டமானது. அந்த ஆண்டே முந்நூறுக்கு மேற்பட்டவர் எம்.பி.பி.எஸ். இடம் பெற்றார்கள். அதே பள்ளி, அதே வாத்தியார், அதே பிள்ளைகள். மாறியது சட்டம் ஒன்றுதான்!

அப்துல் கலாம் காலத்தில் இராமேசுவரத்துப் பையன் உயர்நிலைப் படிப்புக்கு வீட்டை விட்டு இராமநாதபுரம் போய்த் தங்க வேண்டியிருந்தது. இன்று பள்ளிகள் பெருகியிருக்கின்றன. அது மக்கள் கேட்டுப் பெற்றது. ஆனால் பெயர்ப் பலகை மட்டும் பாடம் நடத்தாது. 2012இல் ஓவியம், கணினி, உடற்கல்விக்கு எடுத்த பகுதிநேர ஆசிரியர்களுக்கு மாதம் ஐயாயிரம் ரூபாய்தான் கொடுத்தார்கள். 2024–25க்கான கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை, 'பி.எம்.ஸ்ரீ' திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. டில்லியும் சென்னையும் வழக்காடும்போது சம்பளத்துக்குக் காத்திருப்பவர் யார்? ஆசிரியரும் ஊழியரும்தான்.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன? பள்ளிகளை ஒப்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை. நம்முடைய கேள்விகளை வைத்து ஒப்பிடுவோம். உச்சிப்புளிப் பள்ளியானாலும் திருவாடானைப் பள்ளியானாலும் நான்கு கேள்விகள் போதும்:

1. ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர் எத்தனை பேர், அவர்களில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியவர் எத்தனை பேர்?

2. கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் வாத்தியார் உண்டா, அந்த இடம் எத்தனை மாதமாகக் காலி?

3. சோதனைக் கூடமும், பெண்பிள்ளைகளுக்குத் தண்ணீர் வருகிற கழிப்பறையும் உண்டா?

4. பஸ் பாஸ் இருக்கிறது; பள்ளி நேரத்துக்கு பஸ் வருகிறதா?

இவற்றைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். இந்த இடங்களை ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது. பகலில் கூட்டம் போட்டால் கூலி போகிறது என்று தாய்மார் சொல்வது நியாயமே. அப்படியானால் மாலையில் கூட்டம் போடு என்று கேட்போம். நாற்று நடுகிறவளும் நூல் நூற்கிறவனும் அந்தக் குழுவில் உட்கார்ந்து இந்த நான்கு கேள்விகளையும் கேட்கட்டும்.

பதில் கிடைக்கும்வரை கேட்போம். அடகுக் கடைக்கு நடக்கிற கால்கள் பள்ளிக்கூட வாசலுக்கு நடக்கட்டும்!