சுருக்கத்தில் முடிவு இருக்கட்டும்

நன்னீர் ஆய்வு மாநாடுகளுக்கு வரும் ஆய்வுச் சுருக்கங்களை மதிப்பிடும் எவருக்கும் மிகப் பழகிப்போன வரி ஒன்று உண்டு: “முடிவுகள் மாநாட்டில் விரிவாக விவாதிக்கப்படும்.” சேற்றில் இறங்கி எடுத்த மாதிரிகள், நுண்ணோக்கியின் முன் கழிந்த இரவுகள், நல்லதொரு கேள்வி என எல்லாவற்றையும் அந்த ஒரு வரி மூடிவிடுகிறது. அடுத்த பருவத்து மாநாடுகளுக்குச் சுருக்கம் எழுத அமர்ந்திருக்கும் வாசகர்களிடம் இவ்விதழ் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான்: என்ன கண்டீர்கள் என்பதைச் சுருக்கத்திலேயே சொல்லுங்கள். படிப்பவர் அதைச் சரிபார்த்துப் பயன்படுத்தும் வகையில் சொல்லுங்கள்.

சுருக்கத்துக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் 200 முதல் 300 சொற்கள். தேர்வுக் குழு அதை மட்டும் பார்த்துத்தான் உங்கள் ஆய்வுக்கு மேடை தருவதா, போஸ்டர் தருவதா, எந்த அமர்வில் சேர்ப்பது என்று முடிவு செய்கிறது. மாநாடு முடிந்த பிறகும் சுருக்கத் தொகுப்பு நிற்கிறது. நம் பல்கலைக்கழகங்களில் முதுநிலை மாணவர்கள் செய்யும் ஏரி, ஆற்று ஆய்வுகளில் பல முழுக் கட்டுரையாக வளர்வதில்லை. அவற்றுக்கு அச்சில் மிஞ்சும் ஒரே தடம் அந்தச் சுருக்கம்தான். அதில் எண்ணும் இடமும் காலமும் இல்லையென்றால், அந்தக் களப்பணி நடந்ததற்கும் நடக்காததற்கும் பின்னால் வருபவருக்கு வேறுபாடு தெரியாது.

ஏரியியலுக்கான பன்னாட்டுச் சங்கத்தை 1922இல் ஜெர்மனியின் கீல் நகரில் தீனெமானும் நவ்மானும் தொடங்கியபோது, அத்துறையின் அறிவு பெரும்பாலும் குளிர்நாட்டு ஏரிகளைச் சார்ந்திருந்தது. வெப்பமண்டலக் குளங்கள் எப்படி இயங்குகின்றன என்பதை இங்கிருந்தவர்கள்தான் அளந்து காட்ட வேண்டியிருந்தது. மைக்ரோசிஸ்டிஸ் பாசி நிரந்தரமாகப் படர்ந்திருந்த ஒரு கோயில் குளத்தைப் பற்றி எஸ்.வி. கணபதி 1940இல் எழுதினார். அன்றைய சென்னை மாநிலத்தின் மூன்று மலை ஏரிகளைப் பற்றிய ஏ. சீனிவாசனின் கட்டுரை 1964இல் ‘லிம்னாலஜி அண்ட் ஓஷனோகிராஃபி’ இதழில் வந்தது. நீர்நிலைகள் மாறிவிட்ட இந்நாளில் ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு இருக்கும் பிடிமானங்கள் இத்தகைய பதிவுகளே. இன்று நாம் எழுதும் சுருக்கங்களும் நாளைக்கு அப்படிப் பயன்பட வேண்டும்.

பயன்படாமல் போவது எப்படி என்பதற்குக் கரைந்த ஆக்சிஜனையே எடுத்துக்கொள்வோம். “ஏரியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 8 மில்லிகிராம்; நீர் நல்ல நிலையில் உள்ளது” என்று ஒரு சுருக்கம் சொல்கிறது. எத்தனை மணிக்கு அளந்தது? கடல்மட்டத்தை ஒட்டிய இடத்தில், 30 டிகிரி செல்சியஸில், நன்னீரின் ஆக்சிஜன் செறிவுநிலை லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம். பாசி மண்டிய ஏரியில் பிற்பகல் ஒளிச்சேர்க்கை இந்த அளவைத் தாண்டி ஆக்சிஜனை ஏற்றிவிடும். இரவு முழுக்கப் பாசியும் நுண்ணுயிரிகளும் சுவாசித்ததில் விடியும் முன் அது மீன் மிதக்கும் அளவுக்குக் கீழே போயிருக்கும். ஆகவே பிற்பகல் மூன்று மணியின் 8 மில்லிகிராம் நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். அளந்த நேரம், ஆழம், நீரின் வெப்பநிலை மூன்றையும் சேர்க்கப் பத்துச் சொற்கூடத் தேவைப்படாது.

அலகுகளிலும் இதே கதை. நம் ஆய்வகங்களில் பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) சோதனையை 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துச் செய்வது இந்தியத் தர நிர்ணய முறை. வேறு பல நாடுகளில் 20 டிகிரியில் ஐந்து நாள். பன்னாட்டு மாநாட்டுக்கு அனுப்பும் சுருக்கத்தில் முறையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் தந்தால், படிப்பவர் தமக்குப் பழகிய முறையிலேயே அதைப் புரிந்துகொள்வார். நைட்ரேட்டில் பிழை இன்னும் பெரிது. நைட்ரஜனாகக் கணக்கிட்ட 10 மில்லிகிராம், நைட்ரேட்டாகக் கணக்கிட்டால் 44 மில்லிகிராமைத் தாண்டும். “நைட்ரேட் 12” என்று மட்டும் எழுதினால், அது குடிநீர் வரம்பை மீறியதா, வரம்புக்கு வெகு கீழே இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

இடத்தையும் காலத்தையும் பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடும் பழக்கமும் நம்மிடம் உண்டு. ‘பெரிய ஏரி’, ‘பெரிய கண்மாய்’ என்ற பெயர்கள் மாவட்டந்தோறும் இருக்கின்றன. வட்டத்தின் பெயரும் அட்சரேகை, தீர்க்கரேகையும் இல்லாமல் அந்த நீர்நிலையை இன்னொருவர் கண்டுபிடிக்க முடியாது. “ஓராண்டு ஆய்வு” என்பதும் அப்படித்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் கொட்டிய மழையும் தாமிரபரணியில் ஓடிய வெள்ளமும் ஆற்றுப் படுகையையே புரட்டிப்போட்டன. அந்த ஆண்டில் எடுத்த அடித்தள உயிரி மாதிரிகளை வெள்ளத்துக்கு முன், பின் என்று பிரித்துச் சொல்லாமல் ‘பருவகால மாற்றம்’ என்று ஒரே வரியில் அடக்கினால், வெள்ளத்தின் விளைவு பருவத்தின் கணக்கில் ஏறிவிடும்.

மாதிரிகளின் எண்ணிக்கையில் நேர்மை வேண்டும். சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984இலேயே தம் துறையினரை இது குறித்து எச்சரித்தார். கழிவுநீர் கலக்கும் ஒரு குளத்தில் முப்பது இடங்களிலும், கலக்காத ஒரு குளத்தில் முப்பது இடங்களிலும் நீர் எடுத்தால், அறுபது மாதிரிகள் கிடைத்தாலும் ஒப்பீடு இரண்டு குளங்களுக்கு இடையில்தான். அவற்றின் வேறுபாடு கழிவுநீரால் வந்ததா, ஆழத்தாலா, வளர்ப்பு மீன்களாலா என்று அந்தத் தரவு சொல்லாது. இரண்டு குளங்களை மட்டும் பார்த்த ஆய்வும் மதிப்புள்ளதே. எத்தனை குளங்கள் என்பதை முதல் வரிகளிலேயே சொல்லிவிட்டால் போதும்.

கற்பனையாக ஒரு சுருக்கத்தை வைத்துக்கொள்வோம். “கண்மாய்களின் நீர்த்தரம் ஆராயப்பட்டது. குறிப்பிடத்தக்க வேறுபாடுகள் காணப்பட்டன. நீர்நிலைகளைப் பாதுகாப்பது அவசியம்.” இதில் எதையும் மறுக்க முடியாது, எதையும் எடுத்துக்கொள்ளவும் முடியாது. அதே ஆய்வை இப்படி எழுதலாம்: “கழிவுநீர் கலக்கும் ஆறு கண்மாய்களிலும் கலக்காத ஆறு கண்மாய்களிலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை மாதம் ஒருமுறை, சூரியன் உதிக்கும் முன் அளந்தோம். கழிவுநீர் கலப்பவற்றில் ஐந்தில் மார்ச் மாதத்திலேயே கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியது. கலக்காதவற்றில் ஒன்றில் மட்டுமே இறங்கியது.” இதைப் படிக்கும் மீன்வளத் துறை அலுவலருக்கு எப்போது கவனிக்க வேண்டும் என்று தெரியும். இன்னொரு ஆய்வாளருக்கு கழிவுநீர் கலக்காமலே ஆக்சிஜன் இறங்கிய அந்த ஒரு கண்மாயைப் பற்றிக் கேட்கத் தோன்றும்.

எதிர்பார்த்த வேறுபாடு கிடைக்கவில்லையா? அதையும் அப்படியே எழுதுங்கள். தூர்வாரிய பிறகும் ஒரு ஏரியில் மிதவை உயிரிகள் மாறவில்லை என்றால், அடுத்த ஏரிக்குத் திட்டம் போடுபவருக்கு அது தேவையான செய்தி.

துல்லியத்துக்கு ஒரு விலக்கு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வாழும் ‘மிஸ் கேரளா’ மீன், அலங்கார மீன் வணிகத்துக்காகப் பிடிக்கப்பட்டே அருகிப்போனது. இத்தகைய இனங்களின் இருப்பிடத்தை ஆற்றுப்படுகையின் பெயரோடு நிறுத்திக்கொண்டு, மேலும் சொல்லாததன் காரணத்தையும் குறிப்பிடுவதே முறை.

மாணவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தரவு வருவதற்கு முன்பே, கடைசித் தேதிக்கு முந்தின இரவில் சுருக்கம் அனுப்பச் சொல்லும் வழக்கத்தை வழிகாட்டிகள் கைவிட வேண்டும். களத்தை அறியாத சக ஆய்வாளர் ஒருவரிடம் சுருக்கத்தைக் கொடுத்து, “இதிலிருந்து உனக்கு என்ன தெரிகிறது?” என்று கேட்டுவிட்டு அனுப்பும் பழக்கம் ஒவ்வொரு ஆய்வகத்திலும் வர வேண்டும். தேர்வுக் குழுக்களுக்கும் கடமை உண்டு. எதை வைத்து மதிப்பிடுகிறோம் என்பதை அழைப்பிலேயே அறிவிக்க வேண்டும். நிராகரிக்கும்போது இரண்டு வரியாவது காரணம் எழுதித் திருப்ப வேண்டும். காரணம் தெரியாமல் திரும்பிய சுருக்கம், அடுத்த ஆண்டும் அதே குறைகளோடுதான் வந்து சேரும். முடிவு இல்லாத சுருக்கங்களுக்கு இடமில்லை என்று குழுக்கள் வெளிப்படையாகச் சொல்லட்டும். எழுதும் முறை ஓரிரு மாநாடுகளுக்குள் மாறும்.