தாழ்மை யாருக்கு உரிய அறம்?

கிறித்தவ மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் சொற்களுள் ஒன்று 'தாழ்மை'. கத்தோலிக்கர் 'தாழ்ச்சி' என்பர். சீர்திருத்தச் சபையார் 'மனத்தாழ்மை' என்பர். சொல் எதுவாயினும், அதைச் சொல்பவர் யார், கேட்பவர் யார் என்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பெரும்பாலும் மேலிருப்பவர் சொல்கிறார், கீழிருப்பவர் கேட்கிறார். மாமியார் மருமகளுக்கும், மூப்பர் இளைஞருக்கும், நிர்வாகி பணியாளருக்கும் இவ்வறத்தைப் போதிக்கின்றனர். திருமறை காட்டும் திசையோ இதற்கு நேர் எதிரானது என்பது நம் கருத்து.

பவுலடியார் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். பிலிப்பி, உரோமைப் படைவீரர்கள் குடியமர்த்தப்பட்ட நகரம். பட்டமும் பதவியும் குடியுரிமையும் அங்கே பெருமையின் அளவுகோல்கள். தாழ்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோ அந்நாளில் பெரும்பாலும் இழிவுப் பொருளிலேயே வழங்கியது. அச்சொல்லையே பவுல் அறத்தின் பெயராக்குகிறார். பிறரைத் தம்மினும் மேலாக எண்ணுமாறு பணிக்கும் அவர், அதற்குச் சான்றாகக் காட்டுவது, இறைத்தன்மை உடையவராயிருந்தும் அடிமையின் கோலம் எடுத்த கிறிஸ்துவை. இறங்கி வருவதற்கு முதலில் உயரம் ஒன்று வேண்டும் அல்லவா?

அதே நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் எயோதியாள், சிந்திகேயாள் என்னும் இரு பெண்களின் பிணக்கு குறிப்பிடப்படுகிறது. 'நீ விட்டுக்கொடு' என்று ஒருத்தியை மட்டும் அவர் பணிக்கவில்லை. இருவரையும் தனித்தனியே பெயர் சொல்லி வேண்டுகிறார். நம் சமாதானக் கூட்டங்களில் இந்த நேர்மை காணப்படுகிறதா?

யோவான் நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரமும் இதையே உணர்த்துகிறது. விருந்தினரின் கால்களைக் கழுவுவது வேலைக்காரர் பணி. அதனைச் செய்த இயேசு, 'போதகர்', 'ஆண்டவர்' என்னும் பெயர்களை மறுக்கவில்லை; அவை தமக்குப் பொருந்தும் என்று ஒப்புக்கொண்ட பின்னரே சீடர்களையும் அவ்வாறு செய்யச் சொல்கிறார். ஆகவே, 'நான் ஒன்றுக்கும் உதவாதவன்' என்று மேடையில் சொல்லிக்கொள்வது தாழ்மை ஆகாது. தன் தகுதியை அறிந்தவன், அதனைப் பிறர் நலத்துக்காக ஒருபுறம் வைப்பதே தாழ்மை.

இவ்வறத்தில் தமிழகத் திருச்சபை தடுமாறிய வரலாறு நீண்டது. சாதி வேற்றுமையைக் கைவிட வேண்டும் என்று 1833இல் பேராயர் டேனியல் வில்சன் கட்டளையிட்டபோது, தஞ்சையில் பலர் சபையை விட்டு விலகினர். பக்திப் பாடல்களால் நம் நெஞ்சை நிறைத்த வேதநாயகம் சாஸ்திரியாரும் சாதி வழக்கத்துக்கு ஆதரவாகவே வாதிட்டார். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், இரு சாரார் தனித்தனியே அமரும் வகையில் கோயிலுக்குள்ளேயே பிரிவுச் சுவர் இருந்தது; 1910இல் அது இடிக்கப்பட்டதும் ஒரு சாரார் நீதிமன்றம் வரை சென்றனர். இவர்கள் யாவரும் தாழ்மையைப் பற்றிப் பாடியவர்கள், செபித்தவர்கள். இறைவன் முன் முழந்தாளிடுவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. அயலான் அருகே அமர்வதுதான் அரிதாக இருந்தது.

'அப்படியாயின் எளியோருக்குத் தாழ்மை வேண்டாவா?' என்று சிலர் வினவலாம். வேண்டும், அது எல்லார்க்கும் உரியது. ஆனால் தானே விரும்பி ஏற்பதுதான் தாழ்மை. பிறர் சுமத்துவது அடக்குமுறை. அநீதியைக் கண்டு வாய்மூடி இருப்பதைத் தாழ்மை என்று பாராட்டுவது, அநீதி செய்பவருக்கு வசதியான இறையியல்.

2013ஆம் ஆண்டு பெரிய வியாழனன்று, திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையில் இளங்குற்றவாளிகளின் சிறைக்குச் சென்று, பெண்களும் இசுலாமியரும் உட்படப் பன்னிருவரின் பாதங்களைக் கழுவினார். போற்றத்தக்க செயல். எனினும் ஆண்டுக்கொரு முறை கழுவுவது நம்மில் எவர்க்கும் இயலும். சபைத் தேர்தலில் தோற்ற பின்பும் உழைப்பது, நன்கொடைக் கல்வெட்டில் நம் பெயரைத் தவிர்ப்பது, குழுக்கூட்டத்தில் பேசத் தயங்குபவருக்கு முதலில் இடம் தருவது, நாம் பயிற்றுவித்தவர் நம்மினும் உயரும்போது மனமார மகிழ்வது ஆகியவையே கடினமானவை. அன்றாடம் பழக வேண்டியவையும் அவையே.

எனவே, அடுத்த முறை தாழ்மையைப் பற்றிப் பேச எழும்போது, நாம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு: இங்கே இறங்க வேண்டியவர் எதிரே அமர்ந்திருப்பவரா, மேடையில் நிற்கும் நாமா?