நார்வே போவோம், கராஷோக்கையும் பார்ப்போம்

நம்முடைய நார்வே கனவில் துருவ ஒளி இருக்கிறது, பனி இருக்கிறது, கலைமான் வண்டிச் சவாரி இருக்கிறது. அந்தக் கலைமான்களை மேய்க்கும் சாமி பழங்குடியினரோ விளம்பரப் படங்களில் வெறும் வண்ண உடையாக நிற்கிறார்கள். ஒருகாலத்தில் பள்ளியில் தாய்மொழி பேசவே அவர்களுக்குத் தடை. 1979-இல் ஆல்டா ஆற்று அணையை எதிர்த்து ஓஸ்லோ நாடாளுமன்றத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தார்கள். அணை வந்தது, போராட்டத்தின் பலனாக 1989-இல் கராஷோக்கில் சாமி நாடாளுமன்றமும் வந்தது. மேய்ச்சல் நிலத்தில் நிறுவிய ஃபோசன் காற்றாலைகளின் உரிமம் செல்லாதென்று 2021-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. காற்றாலைகளை யாரும் அகற்றவில்லை.

ஊரைக் காட்டிச் சேரியை மறைக்கும் வித்தை நமக்குத் தெரியாததா? தாராளமாகப் போவோம். பயணத் திட்டத்தில் கராஷோக்கையும் சேர்ப்போம். சவாரிக்குப் பணம் கட்டும்முன், நடத்துவது சாமி குடும்பம்தானா என்று கேட்போம்.