முதல் ஆட்டத்தில் எதைத் திருத்தலாம்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் 'மோரோவிண்ட்' என்னும் கணினி விளையாட்டின் நிலவெளி குறித்துக் கட்டுரை வாசித்தேன். சாம்பல் படிந்த வடபகுதிக்கும் புல் அடர்ந்து அசையும் தென்பகுதிக்கும் இடையிலான முரணைப் படைப்பாளிகள் எத்துணை நுட்பமாக அமைத்துள்ளனர் என விரிவாகப் பேசினேன். முடித்ததும் முதுகலை மாணவர் ஒருவர் எழுந்து, மூல விளையாட்டில் அந்தப் புல்லே இல்லையே என்றார். அவர் சொன்னதே சரி. ஏதோ ஒரு பட்டியலை நம்பி, ரசிகர்கள் உருவாக்கிய நாற்பதுக்கும் மேற்பட்ட 'மாட்'களை ஆட்டத்தைத் தொடங்கும் முன்பே நிறுவியிருந்தேன். 2002இல் பெதஸ்டா நிறுவனம் வெளியிட்ட படைப்பென்று எண்ணி, இடைச்செருகலை ஆராய்ந்திருக்கிறேன்.

பழைய விளையாட்டை முதன்முறை ஆடுவதற்கு எந்த மாட்களைத் தெரிவுசெய்வது என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் இந்த அனுபவமே நினைவுக்கு வருகிறது. பழுதை நீக்குவனவற்றை ஏற்றுக்கொள்ளுங்கள். கடினத்தை நீக்குவனவற்றைத் தள்ளிவையுங்கள் என்பதே என் விடை. ஏடெழுதியவரின் கைப்பிழையைத் திருத்துவது பதிப்பாசிரியரின் கடமை. அருஞ்சொல்லை எடுத்துவிட்டு எளிய சொல்லை இடுவது அவர் கடமையன்று.

'பேட்ச் ஃபார் பியூரிஸ்ட்ஸ்' பிழைகளைக் களைகிறது. 'ஓப்பன்எம்டபிள்யூ' மூலக் கோப்புகளை இன்றைய கணினிகளில் இயக்குகிறது. பார்வைக் குறையுள்ளவருக்கு எழுத்தைப் பெரிதாக்குவதும் நியாயமே. அது படைப்பை மாற்றுவதில்லை, அணுகவே உதவுகிறது.

மாறாக, மோரோவிண்டில் புதியவரின் வாள் எதிரியைத் தொட்டாலும் பலமுறை அடி விழாது. திறனும் களைப்பும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. பணிக்கான இலக்கைக் காட்டும் அம்புக்குறியும் இல்லை. பிறர் சொன்ன வழியைக் குறிப்பேட்டில் படித்து நடக்க வேண்டும். ஒவ்வொரு வீச்சும் அடியாகும்படி மாற்றிவிட்டால், கைதியாய்க் கப்பலில் வந்திறங்கிய அந்நியன் மெல்ல வல்லவனாகும் கதை பொருளிழக்கிறது. மூடுபனியை விலக்கித் தொலைவைக் காட்டினால், பரந்து விரிந்ததாய்த் தோன்றிய தீவு சிற்றூர்போல் சுருங்கிவிடுகிறது.

எல்லை எப்போதும் தெளிவாக இராது என்பது உண்மை. 2004இல் குறைகளுடன் வெளிவந்த 'வேம்பயர்: த மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ்' விளையாட்டுக்கு ரசிகர்கள் செய்த திருத்தம், நிறுவும்போதே இரு தெரிவுகளை முன்வைக்கிறது: பிழைநீக்கம் மட்டும், அல்லது கூடுதல் உள்ளடக்கத்துடன். தன் தலையீட்டை மறைக்காத நேர்மையான பதிப்புமுறை இது.

மோரோவிண்டின் கணினிப் பதிப்புடன் மாற்றம் செய்யும் கருவியையும் நிறுவனமே வழங்கியதே எனலாம். ஆம், இருபதாண்டுகளுக்கும் மேலாகத் தன்னார்வலர் வளர்த்துவரும் 'டாம்ரியல் ரீபில்ட்' போன்ற அரும்பணிகள் அந்த அழைப்பின் விளைவே. ஆயினும், உரை மூலத்துக்குப் பின்னரே வரவேண்டும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நூலை ஆய்பவரிடம் எந்தப் பதிப்பு எனக் கேட்கிறோம். விளையாட்டை ஆய்பவரிடமும் எந்த வெளியீடு, எந்தெந்த மாட்கள் எனக் கேளுங்கள்.

பின்னர் நான் மாட்களை நீக்கி மீண்டும் ஆடினேன். புல்லற்ற அந்த வெறுந்தரையைக் கண்டேன். கட்டுரையைத் திருத்த முடிந்தது. முதன்முறை காணும் வியப்பு மட்டும் திரும்பவில்லை.